மூன்றாம் நம்பர் காற்றாலை

"மூணாம் நம்பரை நிறுத்துங்க சார்."

காற்றாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள்: பார்வையாளர்கள் வரும் நாளில் அதை மட்டும் கேட்கவே கூடாது.

மேனேஜர் சிரித்தார். "வெளியில முதல் போட வந்தவங்க நிக்கிறாங்க. சுத்துறதைப் பார்த்தாத்தானேம்மா நம்புவாங்க?"

"வாசல்ல கொடிகூட அசையலை. இது மட்டும் எப்படிச் சுத்துது?"

"மேல காத்து இருக்கு."

"பக்கத்துல சுத்தாம நிக்கிற மத்ததுக்கெல்லாம் மேல காத்து இல்லையா?"

மேனேஜரின் சிரிப்பு போனது. "உங்க வீட்டுலயே முதல்ல டிகிரி வாங்கினவ நீ. அம்மா துணி தைச்சுப் படிக்க வெச்சாங்க. இந்தச் சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. வாயை மூடிக்கிட்டு இரு."

"படிச்சதாலதான் சார் கேட்கிறேன்."

போன் அடித்தது. அம்மா.

"ஏண்டி, லைட்டு மறுபடியும் மங்கிப்போச்சு. தையல் மெஷின் மோட்டார் முனகுது, சுத்த மாட்டேங்குது. போன தடவை உங்க ஆபீசுக்கு ஆளுங்க வந்தப்பவும் இதே கதைதான். நல்லாக் காத்தாடி வெச்சீங்க, போ!"

அவளுக்குப் பொறி தட்டியது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே எட்டி, மூன்றாம் நம்பரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

"அடிப்பாவி!" மேனேஜர் பாய்ந்து எழுந்தார்.

ஜன்னலுக்கு வெளியே இறக்கைகள் தளர்ந்து நின்றன. போனில் தையல் மெஷின் கடகடத்தது.

"ஓடுதுடி! என்ன பண்ணினே?"

"காத்தாடியை நிறுத்தினேம்மா. அதைச் சுத்த வெச்சது காத்து இல்லை, நம்ம தெருக் கரண்டு."

அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, வெளியே நின்றவர்களை நோக்கி நடந்தாள்.