ராசாவைப் பார்க்க

"எப்படி இருக்கான் என் ராசா?" என்றபடி ஆய்வகத்துக்குள் நுழைந்தார் தையல்கார அம்மா.

ஆராய்ச்சி மாணவிக்குத் திக்கென்றது. அந்தம்மாவின் பூனையிடமிருந்து கால்நடை மருத்துவர் எடுத்துக் கொடுத்த துளித் தோலில் அவள் வளர்த்த செல்கள், நேற்றோடு பெருகுவதை நிறுத்திவிட்டன. தோலிலிருந்து நேரே எடுத்து வளர்ப்பவை என்றைக்காவது ஓயத்தான் செய்யும். ஆனால், பாவம், மாதம் தவறாமல் பார்க்க வருகிறவருக்கு மிச்சம் இது ஒன்றுதானே என்று அவள் மனம் அடித்துக்கொண்டது.

வேறொரு பூனையின் செல்களை நுண்ணோக்கியில் வைத்தாள். "வந்து பாருங்கம்மா, ஜம்முனு இருக்கான்."

பார்த்துவிட்டு அந்தம்மா கண்களைத் துடைத்துக்கொண்டார். மாணவியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மன்னிச்சுடுங்கம்மா, இது உங்க பூனையோடது இல்ல. அவனோட செல் எல்லாம் நேத்தே ஓஞ்சுபோச்சு."

"அப்பாடா! அப்போ நான் இனிமே வர வேண்டாமா?"

"அம்மா?"

"முதல் தடவை அவ்வளவு ஆசையா கூப்பிட்டுக் காட்டினே. வராட்டி உன் மனசு நோகுமேன்னுதான் மாசாமாசம் ரெண்டு பஸ் மாறி வந்தேன். அந்தக் குழாயில பாத்தா எனக்குக் கண்ணுல தண்ணிதான் வருது. அவனைப் பாக்கணும்னா வீட்டுக்கு வா. தையல் மெஷின் மேல ஏறித் தூங்கிட்டிருக்கான். தோல் எடுத்த இடத்துல முடிகூட முளைச்சாச்சு!"