கண்ணுக்குக் கீழே ஒரு கட்டம்

ஒசாகா, 1986 நவம்பர். வீடியோ கேம் உருவங்கள் வரையக் கற்றுத்தரும் மாலை வகுப்பின் மூலையில் இருக்கும் டிவியில் நான் வரைந்த கடைக்காரி நிற்கிறாள். பதினாறுக்குப் பதினாறு கட்டங்கள், மூன்றே நிறங்கள். இன்று தேர்வாகும் உருவம் ஒரு வீடியோ கேமில் சேர்ந்து நாடெங்கும் வீடுகளுக்குப் போகும். கடைக்காரிக்கு நான் கொடுத்தது, மூன்று வருடமாகக் கடிதம் போடாத என் அக்கா சிசுவேயின் முகம். எங்கோ ஒரு வீட்டில் அவள் அதைப் பார்த்துவிட்டால் போதும். மற்ற கட்டங்கள் எந்தப் பெண்ணுக்கும் பொருந்தும். இடது கண்ணுக்குக் கீழே மச்சமாக வைத்த ஒரு கட்டம்தான் அக்கா. அதுவும் என் ஞாபகம் சரியாக இருந்தால். கட்டத்தாளில் எட்டு முறை எண்ணிய பிறகுதான் வைத்தேன்.

டிவியில் நிறங்கள் ஒன்றோடொன்று கசிகின்றன. எல்லோரும் வழக்கம்போலப் பின்சுவர் வரை போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். "என்னடா, உன் கடைக்காரி அழறா? வெங்காயம்தான் விக்கிறாளோ?" என்கிறான் கூடப் படிக்கும் வாகுய். எல்லோரும் சிரிக்கிறார்கள், பாடம் நடத்தும் ஓகினோ சாரைத் தவிர. "மத்ததெல்லாம் நல்லாருக்குப்பா. அந்தக் கண்ணீரை மட்டும் எடுத்துடு, இதையே அனுப்பிடலாம்" என்கிறார் அவர். "அது மச்சம் சார்." "உனக்குத் தெரியும். விளையாடுற குழந்தைக்குத் தெரியுமா?"

ஹீட்டர் மேல் கெட்டில் முனகுகிறது. மச்சத்தை ஒரு கட்டம் தள்ளினால் மூக்கோடு ஒட்டுகிறது, கீழே இறக்கினால் வாயோடு. கடைசியில் அந்தக் கட்டத்துக்குத் தோலின் நிறத்தைக் கொடுக்கிறேன். பின்னால் கைதட்டுகிறார்கள். நானும் பின்சுவர் வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்க்கிறேன். கடைக்காரி நன்றாகச் சிரிக்கிறாள், வாகுயைப் பார்த்துச் சிரிப்பதைப் போலவே என்னையும் பார்த்து.