சேற்றின் நிறம்

வற்றிய குளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் நிற்கிறது. ஆவணி வெயில் அதன்மேல் தகரத் தகடுபோலக் கிடக்கிறது. வடிவம்மா குனிந்து, கையால் சேற்றைத் தடவிக்கொண்டே போகிறாள். கெளுத்தி மீனைக் கண்ணால் காண முடியாது. அதன் முதுகு சேற்றின் நிறம். அசையாமல் கிடந்தால் அதுவும் சேறுதான். எழுபத்தேழுக் கலவரத்தில் பதுளைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு நெடுங்கேணிக்கு ஓடி வந்தவள் வடிவம்மா. கடையில் யாரையோ ‘தோட்டக்காட்டார்’ என்று இளக்காரமாகச் சொல்லக் கேட்ட நாளிலிருந்து, தன் ஊர் யாழ்ப்பாணப் பக்கம் பளை என்று சொல்லி, ‘ஓம்’, ‘வாறன்’ என்று இந்த ஊர்க் கதையே கதைத்து ஆறு வருடம் ஓட்டிவிட்டாள்.

சட்டென்று விரலில் நெருப்புப் பாய்கிறது. “ஐயோ ஆத்தா, கொட்டிருச்சே!”

தோட்டத்துப் பேச்சு குளம் முழுக்கக் கேட்கிறது. பக்கத்தில் மீன் தடவிக்கொண்டிருந்த சிவனேஸ்வரி நிமிர்ந்து பார்க்கிறாள். ஊருக்கு அவள் சாவகச்சேரிக்காரி, வாய் நீளம். இனி ஊரே அறிந்துவிடும். சிவனேஸ்வரி கிட்ட வந்து கையைப் பிடித்து, முறிந்த முள்ளைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். மடியிலிருந்த சுண்ணாம்பை எடுத்து அப்புகிறாள்.

“அழுவாத புள்ள,” என்கிறாள், காதருகே, மெல்ல. “முள்ளு வந்துருச்சு.”

அதே தோட்டத்துப் பேச்சு. வடிவம்மா அவள் முகத்தையே பார்த்து நிற்கிறாள். குளக்கட்டிலிருந்து ஊர்க்காரி தங்கம்மா மாமி கூப்பிடுகிறார்: “என்ன சத்தம் பிள்ளையள்?”

“ஒண்டுமில்லை மாமி,” சிவனேஸ்வரி உரக்கச் சொல்கிறாள். “கெளுத்தி குத்திப்போட்டுது.”

“ஓம் மாமி,” என்கிறாள் வடிவம்மாவும்.