இயற்கை முறை

"யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குறீங்க டாக்டர்?"

லாசரஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சிங்கப்பூர் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்னக் கிளினிக்கில் டாக்டர் யாமினியின் அறைக் கதவு மூடியிருந்தது நல்லதாகப் போயிற்று.

"எல்லாப் பொம்பளைங்ககிட்டயும் கேக்கறதுதான் லா அங்கிள்," என்றாள் யாமினி. "ஆன்ட்டிக்குத் திடீர் திடீர்னு ரத்தம் போகுதுன்னு சொல்றீங்க. கருத்தடை மாத்திரை சாப்பிட்டிருக்காங்களா, எத்தனை வருஷம்னு எனக்குத் தெரியணும்."

"கிடையாது." மனைவி ரூபி வாயைத் திறப்பதற்குள் அவரே பதில் சொல்லிவிட்டார். "புக்கிட் பாஞ்சாங்லேர்ந்து இவ்வளவு தூரம் வந்ததே, தமிழ் டாக்டர், மரியாதை தெரிஞ்சவங்கன்னு நெனச்சுத்தான்."

"கோபப்படாதீங்க. அஞ்சு வருஷத்துக்கு மேல தொடர்ந்து சாப்பிட்டவங்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடும். நிறுத்தினப்புறம் போகப் போகக் குறையும். சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் டெஸ்ட் எடுக்கணும். ஆன்ட்டி அம்பது வயசு வரைக்கும் ஒரு தடவைகூட எடுத்ததில்லையே."

"டெஸ்டும் வேணாம். நாங்க யாருன்னு தெரியுமா? எங்க மாதா கோயில்ல கல்யாணத்துக்கு நிக்கிற ஜோடிங்களுக்கு வகுப்பு எடுக்கறது நானும் இவளும்தான். ஃபாதரே எங்களைத்தான் உதாரணமாக் காட்டுவார். மாத்திரை, ஊசி எதுவும் இல்லாம, இயற்கை முறையில மூத்தவன் கீத். நாலு வருஷம் கழிச்சு இளையவ நடாலி. அதோட சரி."

யாமினி ரூபியைப் பார்த்தாள். ரூபி மடியிலிருந்த கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி சொல்லட்டுமே."

"அவ என்ன சொல்றது? எந்த நாள்ல சேரலாம், சேரக் கூடாதுங்கற கணக்கை ஆம்பளைங்களுக்கு நான் பலகையில எழுதிப் போடுவேன். பொம்பளைங்களைப் பக்கத்து அறையில உக்கார வச்சு இவ விளக்குவா. எங்ககிட்டப் படிச்ச ஒரு ஜோடிக்குக்கூடக் கணக்குத் தப்பினதில்ல. எங்க வகுப்புல படிச்ச சேவியரையும் அவன் பொண்டாட்டி கேட்லினையும் கேட்டுப் பாருங்க. மத்த கோயில்ல படிச்சவங்க வருஷத்துக்கு ஒண்ணு பெத்துக்கிட்டு, எங்கிட்ட வந்து ரகசியம் கேக்கறாங்க. ரகசியம் என்ன ரகசியம், கட்டுப்பாடுதான். இப்பேர்ப்பட்ட குடும்பத்துப் பொம்பளையைப் பாத்து மாத்திரை சாப்பிட்டியான்னு கேக்கறீங்க. எழுந்திரு ரூபி."

ரூபி எழுந்திருக்கவில்லை.

"எழுந்திருன்னு சொல்றேன்ல. டெஸ்ட் அது இதுன்னு வெளியில நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மானம் என்னாகறது?"

"உங்க மானத்துக்காகத்தான் இத்தனை வருஷம் இந்தப் பக்கமே வராம இருந்தேன்," என்றாள் ரூபி. "ரத்தம் போறது எனக்கு. நீங்க உக்காருங்க."

அவள் அந்தக் குரலில் பேசி அவர் கேட்டதில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"நடாலி பொறந்ததுலேர்ந்து போன வருஷம் வரைக்கும் சாப்பிட்டேன் டாக்டர்," என்றாள் ரூபி. "என்னை இன்னிக்கே டெஸ்ட் பண்ணிடுங்க. அடுத்த வாரம் கேட்லினை அனுப்புறேன். அப்புறம் மத்தவங்க வருவாங்க. அந்தப் பக்கத்து அறையில வந்து உக்காந்தவங்க எல்லாருக்கும் நான் சொல்லிக் குடுத்தது அந்த மாத்திரையைத்தான்."