சுவர் தாண்டும் கிட்டார்

இசைக்கருவிக் கடையின் உரிமையாளர் மூன்றாவது பேஸ் கிட்டாரை ஒலிபெருக்கியில் இணைத்து வாசித்தார். வாங்க வந்தவரோ கிட்டாரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிவந்த கண்களுடன் சுவரில் காதை வைத்து நின்றார். அவருடைய மனைவி சுவருக்கு அப்பால், கிடங்கு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கணவர் குரல் கொடுத்தார்.

"பிரயோஜனமில்லைங்க. இன்னும் நல்லா உறுமணும்!"

உரிமையாளர் குழம்பினார். "கழுத்து வளையாத மரம் சார், சுருதி நிக்கும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவுன்னா ஹெட்போன் மாட்டிக்கலாம்."

"ஐயோ, அந்தப் பேச்சே வேண்டாம்! சத்தம் சுவர் தாண்டலைன்னா எங்க குடும்பமே காலி."

உரிமையாளர் பெருமூச்சுவிட்டு, இருப்பதிலேயே கனமான ஐந்து தந்திக் கிட்டாரைத் தோளில் மாட்டி, அதன் தடித்த தந்தியை மீட்டினார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"இது எப்படிம்மா?" என்று கணவர் கேட்டார்.

பதில் இல்லை. இருவரும் பதறிப்போய்க் கதவைத் திறந்தனர். மனைவியின் தோளில் கைக்குழந்தை அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தது.

"இதையே கொடுங்க" என்று கணவர் கிசுகிசுத்தார்.

"வாசிக்கப்போறது நீங்களா சார்?"

"பக்கத்து வீட்டுத் தம்பி. தூக்கம் கெடுதுன்னு நாங்க போட்ட சண்டையில அவர் தன் கிட்டாரையே வித்துட்டார். அதுலேர்ந்து இவன் கண்ணே மூடலை."

குழந்தை சிணுங்கியது.

"என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்று மனைவி சீறினார். "கதவைச் சாத்திட்டுப் போய் வாசிங்க அண்ணே!"