தூங்குமூஞ்சி வீரன்

"கனி, உன் முறை!"

முகம்மது கனி மேசைமேல் தலையைச் சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பாரு ஆனந்த், ஏழு தலை நாகம் படமெடுத்து நிக்குது, இவன் குறட்டை விடுறான்!" கோமதிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? 1988-ல் பினாங்கில் அந்த ஆட்டம் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனந்தராஜாவின் மாமா லண்டனிலிருந்து கொண்டுவந்த ஒரு புத்தகம், இருபது முகம் உள்ள ஒரு பகடை, நாலு தாள். சாமான் அவ்வளவுதான். ஆனந்தராஜா கதை சொல்வான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வீரனாகிக் கதைக்குள் புகுந்துவிடுவார்கள். வாளை உருவுவதா ஓடுவதா என்பது அவர்கள் பாடு. பிழைப்பார்களா என்பது பகடையின் பாடு.

ஆனந்தராஜா சொல்ல ஆரம்பித்தால், பட்டப்பகலில் அவன் வீட்டு ஹாலில் குகை இருட்டு வந்துவிடும். சிவகுருநாதன் நிஜமாகவே பயந்து இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்வான். அப்படி ஓர் அதிசயம்!

அந்த அதிசயத்துக்கு வாரத்தில் நாலே மணி நேரம். ஞாயிறு இரண்டிலிருந்து ஆறு வரை. ஆனந்தராஜா, கோமதி, சிவகுருநாதன் மூன்று பேருக்கும் பல்கலைக்கழகம் போக எழுதவேண்டிய ஆறாம் படிவப் பரீட்சை வருகிறது. படிப்பு, டியூஷன் போக, அந்த ஒரு மத்தியானத்தை வீட்டில் விட்டுக்கொடுத்ததே பெரிது. கனி மட்டும் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, பாயான் லெப்பாஸில் ஏதோ எலக்ட்ரானிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். அதற்குமேல் யாரும் விசாரித்ததில்லை.

ஆறு மணிக்கு விழித்துக்கொண்ட கனி அசடு வழிந்தான். "நாகம் செத்துடுச்சா? சாரி லா!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் கோமதி ஆரம்பித்தாள். "ஆறு மாசமா இதே கதைதான். இஷ்டமில்லாதவன் எதுக்கு வரணும்? எங்க சித்தப்பா மகன் வயிரவன் எப்பக் கூப்பிடுவோம்னு காத்திருக்கான். இவனை நிப்பாட்டிடு."

"நாம பரீட்சையை வச்சுக்கிட்டே வர்றோம். வேலை முடிஞ்சா சும்மா இருக்கிறவனுக்கு என்ன தூக்கம்?" என்றான் சிவகுருநாதன்.

கனியிடம் சொல்லும் பொறுப்பு ஆனந்தராஜா தலையில் விழுந்தது. மறுநாள் பள்ளி விடுமுறை. வேலைக்குக் கிளம்பும்போது பிடித்துவிடலாம் என்று, காலை ஏழரைக்கே டத்தோ கிராமாட் சாலையில் தொழிற்சாலை பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றான்.

பஸ் வந்தது. கனியைத்தான் காணோம். ஆனந்தராஜா படியில் ஏறி எட்டிப் பார்த்தான்.

"யார் தம்பி? இது ஆள் ஏத்துற டிரிப் இல்ல. நைட் ஷிப்ட் ஆளுங்கள இறக்க வந்திருக்கேன்" என்றார் டிரைவர் பக்கிரிசாமி.

"முகம்மது கனின்னு ஒருத்தர்..."

"கடைசி சீட்டுல தூங்குது பாரு. தினம் நான்தான் எழுப்பி இறக்கி விடணும்."

"கனிக்கு நைட் ஷிப்டா? எப்பலேருந்துண்ணே?"

"ஆறு மாசமா. மத்தவங்களுக்கு வாரா வாரம் ஷிப்ட் மாறும். இதுக்கு மட்டும் எப்பவும் நைட்தான். கிலாங்ல, அந்த பேக்டரி பூரா, ஒருத்தரும் தொடாத ஷிப்டை எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கியிருக்கு."

"கேட்டு வாங்கினானா? எதுக்கு?"

"காலை ஷிப்டோ மத்தியான ஷிப்டோ வந்தா ஞாயித்துக்கிழமை மத்தியானம் போயிடுமாம். அப்படி என்னடா ஞாயித்துக்கிழமைல இருக்குன்னு நானும் கேட்டுட்டேன்."

ஆனந்தராஜா கடைசி சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எத்தனையோ வீரர்களைக் கதையில் உண்டாக்கியிருக்கிறான். இப்படி ஒருவனை அவனுக்கு நினைக்கத் தோன்றியதே இல்லை.

"என்ன சொன்னான்ணே?"

"'என் கூட்டாளிங்க மூணு பேரும் பரீட்சைக்குப் படிக்கிறாங்க. அவங்க நேரத்தை மாத்த முடியாது, நான்தானே மாத்திக்கணும்'னு சொல்லுது, தம்பி."