கால்பந்து வீரர் இடத்தில் அம்மா

மல்லிகைச் சரம் வாங்க வந்த தாமரை அக்கா, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினார்.

"ஆன்டி, நீங்க இவ்ளோ ஃபேமஸ்னு சொல்லவே இல்ல லா."

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பூக்கடை முன்னால் நின்றிருந்த எனக்கு உயிரே போய்விட்டது. அந்தத் தாளைக் காலையில் மோனோரெயில் ஸ்டேஷன் பக்கம் போவோர் வருவோருக்கெல்லாம் கொடுத்தது நான்தான்.

'புகழ் பெற்றவர்கள் நம்பியது யாரை?' என்பது தலைப்பு. நான்கு மடிப்பு, நான்கு முகம். ஒரு விஞ்ஞானி, ஒரு டாக்டர், ஒரு பாடகி, ஒரு வெளிநாட்டுக் கால்பந்து வீரர். இயேசு தங்களுக்கு என்ன செய்தார் என்று அவரவர் வாயால் சொல்வது. பந்து என்றால் நம் ஆட்கள் நின்று வாங்குவார்கள் என்று அந்த வீரரைத் தேடிப் பிடித்தது என் மூளை.

வீரர் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, ஊதாப் புடவை, வாய் கொள்ளாத சிரிப்பு.

கிள்ளானில் அச்சகம் வைத்திருக்கும் லோகனிடம் இரண்டு வேலைகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தேன். ஒன்று இந்தத் தாள். இன்னொன்று, அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு பேனர். படங்களையெல்லாம் வாட்ஸ்அப்பில் மொத்தமாகத் தள்ளிவிட்டேன். இன்று காலை கட்டைப் பிரித்த வேகத்தில் உள்மடிப்பைப் பார்க்கவும் இல்லை.

அப்படியானால் பேனரில் அந்த வீரர்தான் இருப்பார். 'எங்கள் குலவிளக்கே, நூறாண்டு வாழ்க' என்ற வரிக்குக் கீழே, அரைக்கால் சட்டையோடு. வேறு சமயமாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அண்ணன் சுகுமாறன் மாலை கட்டும் கையை நிறுத்திவிட்டார்.

நான் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அண்ணன் வீட்டுப் படி ஏற எனக்கு அனுமதி இல்லை. அம்மா இருப்பது அந்த வீட்டில்தான். சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம், ஆனால் இயேசு பேச்சை வாயில் எடுத்தால் அதோடு சரி என்று அண்ணன் சட்டம் போட்டிருந்தார். நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் வந்து போனேன். இப்போது அம்மாவின் படத்தையே போட்டு அச்சடித்து ஊருக்குக் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடையும் போய்விட்டால் அம்மாவை எங்கே பார்ப்பேன்?

அம்மாவுக்கோ பூரிப்பு தாங்கவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்தார். தன் படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அண்ணனை வாசிக்கச் சொன்னார்.

அண்ணன் முடியாது என்றார்.

அம்மா கட்டிக்கொண்டிருந்த சரத்தைக் கீழே வைத்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்திலும் அம்மா சரத்தைக் கீழே வைத்து நாங்கள் பார்த்ததில்லை. அண்ணன் தாளை வாங்கினார்.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட தாள்களில் போட்டாக வேண்டிய 'இஸ்லாம் அல்லாதவர்களுக்கு மட்டும்' என்ற மேல் வரியிலிருந்தே ஆரம்பித்தார். அவ்வளவு கோபம்.

'சிறு வயதிலேயே உலகப் புகழ் பெற்றேன்' என்றபோது அம்மா அடக்கமாகத் தலையை ஆட்டினார். 'இரவெல்லாம் குடி, பகலெல்லாம் தூக்கம். வாங்கிய கார்களையெல்லாம் மோதி நொறுக்கினேன்' என்றபோது தாமரை அக்கா கடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். அம்மா லோரிச் சத்தத்துக்கே ரோட்டை விட்டு ஒதுங்கி நிற்பவர். 'நடுவரை அடித்து ஆட்டத்திலிருந்து தடை செய்யப்பட்டேன்' என்ற இடத்தில் அண்ணனுக்கே முடியவில்லை. கோபத்தையும் விடாமல் சிரிக்கப் பார்த்தார். கடைசியில் சாமந்திக் கூடை மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணன் அப்படிச் சிரித்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சிரிப்போடு சிரிப்பாகக் கடைசிப் பத்தியையும் வாசித்தார்.

'ஆஸ்பத்திரியில் கிடந்தேன். செத்துப்போவேன் என்று பயம். இயேசுவே, நீர் இருப்பது உண்மையானால் என் பக்கத்தில் இரும் என்று கேட்டேன். இருந்தார். பயம் போய்விட்டது.'

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். மிச்சம் இருப்பதையெல்லாம் கிழித்துப் போடச் சொன்னார். நாளைக்குக் கோயிலில் நாலு பேர் கேட்டால் அம்மா என்ன பதில் சொல்வார் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். காரில் இருப்பதையெல்லாம் இன்றே கிழித்துவிடுகிறேன், சனிக்கிழமை மட்டும் வந்து போகிறேன் என்று கெஞ்சினேன்.

நீட்டிய தாளை அம்மா நடுவிலேயே வாங்கிக்கொண்டார்.

"ஏன் கிழிக்கணும்? குடி, காரு, அடிதடி, அத மட்டும் எடுத்திடச் சொல்லு புனிதா. கடைசியா அண்ணன் படிச்சானே, அது நான்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். அது இருக்கட்டும்."

சொல்லிவிட்டு, தாமரை அக்காவின் மல்லிகையை முழம் போட ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணன் என் பக்கம் திரும்பினார். அம்மாவுக்கு இந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்தது நீயா என்று கேட்க வாயைத் திறந்தவர், கேட்காமலே மூடிக்கொண்டார்.

போன வருடம் அம்மா நெஞ்சுவலியோடு படுத்திருந்த அத்தனை நாளும், நான் உள்ளே போய் ஜெபம் பண்ணிவிடக் கூடாது என்று வார்டு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தவரே அவர்தான்.